‘ஜீம்’ பச்சை என்று சொல்லும் பிள்ளை



உங்கள் வீட்டுப் பிள்ளை ஒருநாள் கணக்குப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, "அம்மா, ஏழு ஏன் எப்போதும் நீலமாகவே இருக்கிறது?" என்று கேட்டால் என்ன விடை சொல்வீர்கள்? புத்தகத்தில் ஏழு கறுப்பு மையில்தான் அச்சாகியிருக்கிறது. அது பிள்ளைக்கும் தெரியும். ஆயினும் அந்தக் கறுப்போடு கூடவே ஒரு நீலமும் அதற்குத் தோன்றுகிறது. நம் வீடுகளில் இத்தகைய கேள்விக்குப் பெரும்பாலும் மூன்று விடைகளே கிடைக்கின்றன. ஒன்று, சிரிப்பு. இரண்டு, "பொய் சொல்லாதே" என்ற அதட்டல். மூன்றாவது, வீட்டுப் பெரியவர்களின் அச்சம்: "பிள்ளை எதையோ பார்த்துப் பயந்திருக்கிறது, ஹஜ்ரத்திடம் அழைத்துப் போய் ஓதிப் பார்க்க வேண்டும்."

அவ்வாறு ஓதிப் பார்க்க அழைத்து வரப்படும் பிள்ளைகளைக் காணும் இடத்தில் நான் இருக்கிறேன். இராயபுரத்தில் பல ஆண்டுகளாக மதரஸா பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருபவன். கலைப் பட்டம் பெற்றவனேயன்றி மருத்துவன் அல்லன். எனினும், மேற்சொன்ன மூன்று விடைகளும் பிள்ளையின் வாயை மூடிவிடுகின்றன என்பதைக் கண்கூடாகக் கண்டவன் என்ற முறையில், இந்த மாதம் இதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன். பொறுமையுடன் படியுங்கள்.

புலன்கள் கலக்கும் விந்தை

ஒரு புலனுக்கு உரிய தூண்டுதல் இன்னொரு புலனின் உணர்வையும் சேர்த்தே எழுப்பிவிடுவதற்கு ஆங்கிலத்தில் சினஸ்தீசியா என்று பெயர். ‘சேர்ந்து உணர்தல்’ என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களிலிருந்து வந்த பெயர் அது. நாம் அதைப் புலன்கலப்பு என்று சொல்லிக்கொள்ளலாம். சிலருக்கு எழுத்துகளுக்கும் எண்களுக்கும் நிறம் தோன்றும். சிலருக்குக் கிழமைகளுக்கு நிறம் உண்டு. சிலர் இசையையோ குரலையோ கேட்கும்போது நிறங்களைக் காண்பர். மிகச் சிலருக்கு ஒரு சொல்லைக் கேட்டாலே நாவில் ஒரு சுவை ஊறும். ஆண்டின் 12 மாதங்களும் தம்மைச் சுற்றி ஒரு வளையமாய் நிற்பதாக உணர்வோரும் உளர்.

இது கற்பனை அன்று; கவிஞர்கள் செய்யும் உவமையும் அன்று. இதற்குச் சில அடையாளங்கள் இருக்கின்றன. இது தானாகவே நிகழும். வேண்டாம் என்று நினைத்தாலும் நிற்காது. பெரும்பாலும் சிறு வயதிலேயே தொடங்கிவிடும். எல்லாவற்றிலும் முக்கியமாக, இது மாறாது. இன்று ‘ஏழு’ நீலமென்றால் ஓராண்டு கழித்துக் கேட்டாலும் நீலமே. பொய் சொல்லும் பிள்ளை, தான் சொன்ன 30 நிறங்களையும் ஓராண்டு நினைவில் வைத்துக்கொண்டு பிசகாமல் திருப்பிச் சொல்ல இயலாது. ஆராய்ச்சியாளர்களும் இந்த எளிய வழியைக் கொண்டே உண்மையானவர்களைக் கண்டறிகின்றனர்.

இதைப் பற்றிய மிகப் பழைய மருத்துவக் குறிப்பு 1812ஆம் ஆண்டில் கியோர்க் சாக்ஸ் என்பவர் தம் பட்ட ஆய்வேட்டில் தம்மைப் பற்றியே எழுதியதாகும். 1880ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பிரான்சிஸ் கால்ட்டன் எண்களை வடிவங்களாகவும் நிறங்களாகவும் காண்போரைப் பற்றி எழுதினார். அதன் பின்னர் நெடுங்காலம் அறிவியல் உலகம் இதனைப் பெரிதாக மதிக்கவில்லை. 2006ஆம் ஆண்டில் பிரிட்டனில் ஜூலியா சிம்னரும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்கு நான்கு பேருக்குச் சற்று அதிகமானோரிடம் ஏதோ ஒரு வகைப் புலன்கலப்பு இருப்பது தெரியவந்தது. அந்தக் கணக்கு நம் ஊருக்கும் பொருந்துமாயின், 100 பிள்ளைகள் ஓதும் ஒரு மக்தபில் நான்கு பிள்ளைகளேனும் இப்படி இருக்கக்கூடும். அவர்களுள் எத்தனை பேர் வாய் திறந்து சொல்லியிருக்கிறார்கள்?

கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரியில் படித்தவர்

இந்தப் பொருளை அறிவியல் உலகம் மீண்டும் கவனிக்கச் செய்தவர்களுள் முதன்மையானவர் ஒரு தமிழர். அதிலும் நம் வடசென்னையில் மருத்துவம் கற்றவர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாத செய்தி. 1951ஆம் ஆண்டில் தமிழகத்தில் பிறந்த வி.எஸ். ராமச்சந்திரன், நம் பகுதி மக்கள் இன்றும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று அழைக்கும் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். படித்தவர். ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றிய சத்திரத்தின் வழியில் வளர்ந்த அந்த மருத்துவமனையை ஒட்டி 1938இல் மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. அங்கிருந்து கேம்பிரிட்ஜ் சென்று முனைவர் பட்டம் பெற்ற ராமச்சந்திரன், பின்னர் அமெரிக்காவின் சான் டியாகோ நகரிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் மூளை ஆராய்ச்சியாளராகப் புகழ் பெற்றார்.

2001ஆம் ஆண்டில் அவரும் அவருடைய மாணவர் எட்வர்டு ஹப்பர்டும் செய்த சோதனை மிக எளியது. ஒரு தாள் நிறைய 5 என்ற எண்ணைக் கறுப்பு மையில் அச்சிட்டு, அவற்றுக்கிடையே சில இடங்களில் 2 என்ற எண்ணை வைத்தனர். அந்த 2கள் சேர்ந்து ஒரு முக்கோணமாக அமையும்படி செய்திருந்தனர். நாம் பார்த்தால், ஒவ்வொன்றாகத் தேடித்தான் முக்கோணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். எண்களுக்கு நிறம் காண்பவரோ பச்சைக் கூட்டத்துக்கு நடுவே ஒரு சிவப்பு முக்கோணம் என்பதுபோல் நம்மைவிட எளிதாகக் கண்டுகொள்கிறார். பின்னர் வேறு ஆராய்ச்சியாளர்கள் செய்த சோதனைகளில் இந்த வேகம் முதலில் எண்ணிய அளவுக்கு இல்லை என்று தெரிந்தாலும், அவர்கள் பிறரைவிட மேலாகவே செய்தனர். காணாத நிறத்தைக் கண்டதாகப் பாசாங்கு செய்பவரால் இதைச் செய்ய இயலாதல்லவா?

இது ஏன் நிகழ்கிறது? மூளையில் எண்களின் வடிவத்தை அறியும் பகுதியும் நிறத்தை அறியும் பகுதியும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. குழந்தைப் பருவத்தில் மூளையின் பகுதிகளுக்கிடையே ஏராளமான இணைப்புகள் இருக்கும். வளர வளர வேண்டாதவை கழிக்கப்படும். தோட்டக்காரர் கிளை கழிப்பதுபோல் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிலருக்கு இந்தக் கழிப்பு முழுமையாக நடவாததால், பக்கத்து வீட்டு விளக்கு நம் முற்றத்திலும் விழுவதுபோல், எண் பகுதியின் கிளர்ச்சி நிறப் பகுதியையும் தொட்டுவிடுகிறது என்பது ராமச்சந்திரனின் விளக்கம். இணைப்புகள் எல்லோருக்கும் ஒன்றே, அவற்றை அடக்கி வைக்கும் தடுப்பு சிலரிடம் தளர்ந்திருக்கிறது என்று கூறுவோரும் உண்டு. இது குடும்பங்களில் தொடர்ந்து வருவது நெடுநாளாகவே தெரிந்த செய்தி. 2018ஆம் ஆண்டில் புலன்கலப்பு உள்ள மூன்று குடும்பங்களின் மரபணுக்களை ஆராய்ந்தபோது, நரம்பணுக்களின் நீண்ட இழைகள் வளர்வதில் பங்குள்ள மரபணுக்களில் மாற்றங்கள் காணப்பட்டன. எந்த எழுத்துக்கு எந்த நிறம் என்பதில் மட்டும் சூழ்நிலைக்கும் சிறிது பங்குண்டு. அமெரிக்காவில் 6588 பேரை ஆராய்ந்து 2015இல் வெளியிடப்பட்ட ஆய்வில், நூற்றுக்கு ஆறு பேர் சிறு வயதில் விளையாடிய வண்ணக் காந்த எழுத்துகளின் நிறங்களையே தம் எழுத்துகளின் நிறங்களாகக் கொண்டிருந்தனர்.

ராமச்சந்திரனின் இன்னொரு சோதனையில் நம் தமிழ் மக்களும் பங்கு பெற்றனர். கூர்முனைகள் கொண்ட ஓர் உருவத்தையும் வளைந்து உருண்ட ஓர் உருவத்தையும் காட்டி, இவற்றுள் எது ‘கிக்கி’, எது ‘பூபா’ என்று அமெரிக்க மாணவர்களிடமும் இந்தியாவில் தமிழ் பேசுவோரிடமும் கேட்டார்கள். இரண்டும் பொருளற்ற சொற்களே. ஆயினும் நூற்றுக்கு 95 பேருக்கு மேல், கூர்மையானதே ‘கிக்கி’, உருண்டையானதே ‘பூபா’ என்றனர். நீங்களும் இப்போது அப்படித்தான் நினைத்திருப்பீர்கள்! ஓசைக்கும் உருவத்துக்கும் இடையே ஓர் உறவை நாம் அனைவரும் உணர்கிறோம் என்பதே இதன் பொருள். ‘ஜீம்’ பச்சை என்று சொல்லும் பிள்ளை நம்மிலிருந்து முற்றிலும் வேறான பிறவி அன்று. நம் அனைவரிடமும் சிறிதளவு இருப்பது அந்தப் பிள்ளையிடம் மிகுதியாக இருக்கிறது, அவ்வளவே.

ஒரு மாணவனும் ஒரு தாயும்

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஓத வந்த ஒரு சிறுவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊர், பெயர் வேண்டாம். தந்தை துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரி ஓட்டுபவர். ஐந்து வயது வரை பையன் சரியாகப் பேசவில்லை. பேசத் தொடங்கியபின் நாம் சொல்வதையே திருப்பிச் சொல்வான். முகம் பார்த்துப் பேச மாட்டான். மின்விசிறி கிரீச்சிட்டால் காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவிடுவான். ஆனால் ஒரு சூராவை இரண்டு மூன்று முறை கேட்டால் போதும், பிசகின்றி ஓதிவிடுவான். முன்னர் அவன் படித்த ஒரு பள்ளியில், கவனிக்காதவன் என்று அடித்திருக்கிறார்கள். அவனுடைய பாட்டிக்கோ இது ஜின்னின் வேலை என்பதில் ஐயமே இல்லை. கழுத்தில் மூன்று தாயத்துகள் இருந்தன.

காயிதாவில் ‘ஜீம், ஹா, ஃகா’ மூன்றும் ஒரே வடிவம். புள்ளி ஒன்றே வேறுபாடு. மற்றப் பிள்ளைகள் தடுமாறும் அந்த இடத்தில் இவன் ஒருமுறைகூடத் தடுமாறியதில்லை. அவனுடைய தாயார் ஒருநாள் வீட்டில், "எப்படித்தா தெரியுது உனக்கு?" என்று கேட்டிருக்கிறார். "ஜீம் பச்சை, ஹா மஞ்சள், ஃகா மண்ணு கலர்" என்றானாம். அந்தத் தாய் பத்தாம் வகுப்பைத் தாண்டாதவர். ஆனால் அவர் சிரிக்கவில்லை, அதட்டவில்லை. 28 எழுத்துகளுக்கும் அவன் சொன்ன நிறங்களை ஒரு நோட்டில் எழுதி வைத்தார். இரண்டு மாதம் கழித்து மீண்டும் கேட்டார். ஒன்றுகூட மாறவில்லை. அந்த நோட்டை என்னிடம் கொண்டுவந்து, "ஹஜ்ரத், பிள்ளை பொய் சொல்லல" என்றார். ஆராய்ச்சி நிலையங்களில் செய்யும் சோதனையை, அப்படி ஒன்று இருப்பதையே அறியாமல், தம் அடுப்படியில் செய்து முடித்திருந்தார் அவர்.

அதன் பிறகே இன்னொரு புதிருக்கும் விடை கிடைத்தது. தஜ்வீது விதிகளைப் பல வண்ணங்களில் அச்சிட்டுக் காட்டும் முஸ்ஹஃபை அவனுக்கு அன்பளிப்பாக யாரோ கொடுத்திருந்தார்கள். அதைத் திறந்தாலே அழுவான். அதனாலேயே பாட்டியின் சந்தேகம் வலுத்தது. காரணம் வேறு. அவனுக்குப் பச்சையாகத் தோன்ற வேண்டிய எழுத்து அங்கே சிவப்பில் அச்சாகியிருந்தது. தமக்குத் தோன்றும் நிறத்துக்கு மாறான நிறத்தில் எழுத்தைக் காட்டினால் இத்தகையோர் தடுமாறுகின்றனர், வேகம் குறைகிறது என்பது ஆய்வுகளில் பலமுறை காணப்பட்ட உண்மை. கறுப்பு மையில் அச்சான சாதாரணப் பிரதியைக் கொடுத்ததும் அழுகை நின்றது. ஒரு பிள்ளை இறைவேதத்தை வெறுக்கிறது என்று ஒரு குடும்பமே நடுங்கிக்கொண்டிருந்தது. அச்சு மையின் நிறமே சிக்கல் என்று தெரிந்தபோது அந்தத் தாயின் முகத்தில் நான் கண்ட நிம்மதியை எழுத்தில் வடிக்க இயலாது.

பின்னர் அரசு மருத்துவமனை ஒன்றின் குழந்தை நலப் பிரிவில் காட்டியபோது அவனுக்கு ஆட்டிசம் இருப்பதாகக் கூறினர். நிறங்கள் தெரிவது நோயன்று, அதற்கு மருந்து வேண்டாம் என்றும் சொல்லி அனுப்பினர்.

இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

ஒரே பிள்ளையிடம் இரண்டும் இருந்தது தற்செயலா? உலகில் பலரும் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். இங்கிலாந்தின் டேனியல் டாமெட் என்பவர் 2004ஆம் ஆண்டு மார்ச் 14 அன்று ஆக்ஸ்போர்டில், கணிதத்தின் ‘பை’ எண்ணின் 22,514 இலக்கங்களை ஐந்து மணி நேரத்துக்கும் மேலாக நினைவிலிருந்து ஒப்பித்தார். அவருக்கு ஆட்டிச வகையைச் சேர்ந்த ஆஸ்பெர்கர் நிலையும் உண்டு. எண்களை நிறமும் வடிவமும் உடையனவாகக் காணும் புலன்கலப்பும் உண்டு. எண்களின் வரிசை தமக்கு ஒரு நிலக்காட்சிபோல் விரிவதாக அவர் கூறியிருக்கிறார்.

தனி ஒருவரைக் கொண்டு முடிவு கட்டலாகாது. ஆகவே கேம்பிரிட்ஜின் சைமன் பேரன்கோஹனும் அவருடைய குழுவினரும் ஆட்டிசம் உள்ள 164 பெரியவர்களிடமும் ஆட்டிசம் இல்லாத 97 பேரிடமும் கேட்டறிந்து 2013ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். ஆட்டிசம் உள்ளவர்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 19 பேரிடமும், மற்றவர்களுள் ஏறத்தாழ 7 பேரிடமும் புலன்கலப்பு இருந்தது. அதாவது, இரண்டரை மடங்குக்கும் மேல். ஆனால் இந்தக் கணக்கு பெரிதும் அவரவர் தம்மைப் பற்றிச் சொன்னதை வைத்து எடுக்கப்பட்டது. 2017ஆம் ஆண்டில் வெளிவந்த இன்னோர் ஆய்வு, ஆட்டிசத்தோடு அரிய திறமையும் உள்ளவர்களிடமே புலன்கலப்பு மிகுந்து காணப்படுகிறது என்றது. அதே ஆண்டில் ஜேமி வார்டும் பிறரும் செய்த ஆய்வு, இந்த இரு சாராருக்கும் பொதுவானது வேறொன்று என்று சுட்டியது. ஒலி, ஒளி, மணம், தொடுகை ஆகியவற்றைப் பிறரைவிட மிகுதியாக உணர்வதும், நுணுக்கங்களைக் கூர்ந்து கவனிப்பதுமே அந்தப் பொதுத்தன்மையாகும்.

முன்னே சொன்ன ‘கிக்கி, பூபா’ சோதனை இதற்கு மாறான ஒரு பக்கத்தையும் காட்டுகிறது. 2008ஆம் ஆண்டில் ராமச்சந்திரனும் லிண்ட்சே ஓபர்மனும் ஆட்டிசம் உள்ளவர்களிடம் அதைச் செய்தபோது, ஏனையோர் நூற்றுக்கு 88 முறை வழக்கமான விடையைத் தர, இவர்கள் 56 முறையே தந்தனர். எனவே, ஆட்டிசம் என்றால் புலன்கள் கூடுதலாகக் கலப்பது என்று எளிதாகச் சொல்லிவிடவும் இயலாது. புலன்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் முறை வேறாக இருக்கிறது என்று சொல்வதே பொருத்தம்.

வாசகர்கள் இங்கே இரண்டு செய்திகளை மனத்தில் இருத்த வேண்டும். எழுத்துக்கு நிறம் காணும் பிள்ளைகளுள் பெரும்பாலோருக்கு ஆட்டிசம் இல்லை. ஆகவே அதைக் கேட்ட மாத்திரத்தில் கலங்க வேண்டியதில்லை. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுள் பெரும்பாலோருக்குப் புலன்கலப்பு இல்லை, ஆகவே "உங்கள் பிள்ளைக்கு என்ன அதிசயத் திறமை?" என்று அந்தப் பெற்றோரைக் கேட்டுத் துன்புறுத்தவும் வேண்டாம். திறமை இருந்தால்தான் பிள்ளைக்கு மதிப்பு என்பது நியாயமாகாது.

பெயரில் உள்ள பிழை

ஆட்டிசத்துக்குத் தமிழில் வழங்கும் பெயர்களுள் ஒன்று ‘புற உலகச் சிந்தனையற்றோர்’ என்பது. இந்தப் பெயரைக் காணும்போதெல்லாம் எனக்கு வருத்தம் உண்டாகிறது. புற உலகம் இந்தப் பிள்ளைகளை எட்டவில்லை என்பதுபோல் அது சொல்கிறது. அவர்களுள் பலருக்கு உண்மை நேர் எதிரானது. புற உலகம் அளவுக்கு மீறி எட்டுகிறது. கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வருகிறது. அதைத் தாங்க மாட்டாமல் பிள்ளை காதைப் பொத்துகிறது, கண்ணை மூடுகிறது, ஆடிக்கொண்டே இருக்கிறது. இத்தகைய புலன் வேறுபாடுகளை, அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட நோயறியும் கையேடு ஆட்டிசத்தின் அடையாளங்களுள் ஒன்றாகவே சேர்த்திருக்கிறது.

நாம் வாழும் பகுதியைச் சற்று எண்ணிப் பாருங்கள். காசிமேட்டில் விடியுமுன்னே மீன் ஏலத்தின் இரைச்சல். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளின் ஹாரன். திருவொற்றியூரில் ஆலைச் சத்தம். காற்று திரும்பினால் மணலிப் பக்கத்து நெடி. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, மூச்சுத் திணறி மக்கள் வீடுகளை விட்டு ஓடினர். திடமான பெரியவர்களே நிலைகுலையும் இடத்தில், ஒவ்வோர் ஓசையையும் நெடியையும் பன்மடங்காக உணரும் ஒரு பிள்ளை எப்படித் தவிக்கும்? அந்தத் தவிப்பைத்தான் நாம் பிடிவாதம் என்கிறோம், செல்லம் கொடுத்துக் கெடுத்தது என்கிறோம், ஜின் என்கிறோம்.

வீட்டுக்குள்ளும் அப்படியே. குக்கர் விசில், மிக்ஸி, மின்னி மின்னி எரியும் டியூப் லைட், நிக்காஹ் மண்டபத்தின் ஒலிபெருக்கி, பெருநாளன்று மொடமொடக்கும் புதுச் சட்டையின் கழுத்துப் பட்டி, நெருங்கி அணைக்கும் உறவினரின் அத்தர் மணம். இவற்றுள் எது பிள்ளையை வருத்துகிறது என்று கண்டறிந்து குறைப்பது பெரிய செலவில்லாத காரியம். புதுச் சட்டையை இரண்டு முறை துவைத்துப் போடலாம். மிக்ஸியை ஓட்டுமுன் சொல்லிவிடலாம். மண்டபத்தில் ஒலிபெருக்கிக்குத் தொலைவில் அமரலாம். ஜும்ஆவுக்குக் கூட்டம் சேருமுன் அழைத்துச் சென்று ஓரமாக உட்காரவைக்கலாம்.

தாயைக் குற்றம் சாட்டாதீர்கள்

ஒரு காலத்தில், தாயின் அன்பு குளிர்ந்துபோனதால்தான் ஆட்டிசம் வருகிறது என்று மேல்நாட்டு அறிஞர்களே எழுதினர். 1943இல் ஆட்டிசத்தை விவரித்த லியோ கேன்னரின் எழுத்துகளிலும் அதன் சாயல் இருந்தது. 1967இல் புருனோ பெட்டல்ஹைம் எழுதிய நூல் அதைப் பரப்பியது. 1964ஆம் ஆண்டிலேயே, ஆட்டிசம் உள்ள மகனைப் பெற்ற உளவியலாளர் பெர்னார்டு ரிம்லண்ட், இது மூளை வளர்ச்சியைச் சார்ந்தது என்று ஒரு நூலில் வாதிட்டிருந்தார். இன்று அறிவியல் உலகம் அந்தப் பழியை முற்றிலும் கைவிட்டுவிட்டது. மேல்நாட்டினர் கைவிட்ட பழியை நம் மாமியார்களும் நாத்தனார்களும் இன்னும் சுமத்திக்கொண்டிருப்பது எந்த வகையில் நீதி? "வயிற்றில் இருக்கும்போது மக்ரிபு நேரத்தில் வெளியே போனாள், அதனால்தான்" என்ற பேச்சு எத்தனை வீடுகளில் ஒரு பெண்ணின் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது!

இன்னொரு வேதனையும் உண்டு. "அக்காளுக்கு மாப்பிள்ளை பார்க்க வேண்டும், தம்பியைப் பற்றி வெளியில் தெரியக்கூடாது" என்று பிள்ளையை உள்ளறையில் வைத்துவிடுகிறார்கள். பயிற்சிக்கு மிகவும் உகந்த இளம் வயது இந்த மறைப்பிலேயே கழிந்துவிடுகிறது. ஒரு பிள்ளையின் திருமணத்துக்காக மற்றொரு பிள்ளையின் பேச்சை விலையாகக் கொடுக்கலாமா? பெற்றவர்களே சிந்தியுங்கள்.

என்ன செய்ய வேண்டும்?

எழுத்துக்கோ ஓசைக்கோ நிறம் தெரிவதாகப் பிள்ளை சொன்னால், நம்புங்கள். அந்தத் தாயைப்போல் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். "நல்லது, எனக்குச் சொன்னாயே" என்று சொல்லுங்கள். வேறொன்றும் செய்ய வேண்டியதில்லை. அதனைக் கொண்டே பாடத்தை நினைவில் வைக்க முடியுமானால் அது அப்பிள்ளைக்குக் கிடைத்த வசதி.

ஆட்டிசம் வேறு, அங்கே தாமதம் கூடாது. ஒரு வயது நிறைந்த பின்னும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை, ஒன்றரை வயதாகியும் வேண்டியதை விரல் நீட்டிக் காட்டாமை, பேசிய சொற்களை மறந்துவிடுதல், கண்ணோடு கண் பாராமை ஆகியவற்றைக் கண்டால், முதலில் காது கேட்கிறதா என்று சோதித்து, அரசு மருத்துவமனையின் குழந்தை நலப் பிரிவில் காட்டுங்கள். ஆட்டிசத்தை அடியோடு நீக்கும் மருந்து இல்லை. அப்படிச் சொல்லிப் பணம் பறிப்போரை நம்பாதீர்கள். பேச்சுப் பயிற்சியும் அன்றாடச் செயல்களுக்கான பயிற்சியும் பல பிள்ளைகளுக்கு நல்ல பயன் தருகின்றன. முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. ஆட்டிசம் உள்ளோர் நலனுக்காக 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டமும், 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் உள்ளன. 2016ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்றுக்கொண்ட 21 வகைகளுள் ஆட்டிசமும் ஒன்று. குறைபாடு நூற்றுக்கு 40 அளவுக்குக் குறையாமல் இருப்பதாகச் சான்று பெற்ற பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை என்றும் அது கூறுகிறது. இது எவரும் இடும் பிச்சை அன்று. வெட்கப்படாமல் சான்றிதழ் வாங்குங்கள்.

"அப்படியானால் ஓதிப் பார்ப்பது கூடாதா?" என்று நீங்கள் கேட்கலாம். பிள்ளைக்காக துஆச் செய்யாத பெற்றோர் உண்டா? தாராளமாகச் செய்யுங்கள். காய்ச்சல் வந்தால் துஆவும் செய்கிறோம், மருந்தும் கொடுக்கிறோம். இங்கே மட்டும் மருத்துவரை விட்டுவிட்டுத் தாயத்தோடு நிற்பது ஏன்? என்னிடம் வருவோரிடம் நான் சொல்வது இதுவே: துஆச் செய்கிறேன், நாளைக் காலை ஓ.பி. சீட்டு வாங்கிவிட்டு வந்து என்னிடம் காட்டுங்கள்.

மக்தபுகளில் பாடம் சொல்லும் சக உஸ்தாதுமார்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிரம்பை எடுக்குமுன் ஒரு கேள்வியை எடுங்கள். "ஏன் கவனிக்கவில்லை?" என்பதற்கு முன்னால், "உனக்கு எது தொல்லையாக இருக்கிறது?" என்று கேளுங்கள். கிரீச்சிடும் விசிறிக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் தீர்ந்துபோகும் குறையைப் பிரம்பால் தீர்க்க முயன்றால், பிள்ளை ஓதுவதையே வெறுத்துவிடும்.

மனிதர்களின் நிறத்திலும் மொழியிலும் வேற்றுமையைப் படைத்த இறைவன், அவர்கள் பார்க்கும் விதத்திலும் கேட்கும் விதத்திலும் வேற்றுமையைப் படைத்திருக்கிறான். அவற்றுள் சில வேற்றுமைகளுக்கு உதவி தேவை. சிலவற்றுக்கு நம் நம்பிக்கை மட்டும் போதும். எது எது என்று பகுத்தறியப் பிள்ளை சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பதே முதற்படி. இன்றிரவு உறங்கப் போகுமுன் உங்கள் பிள்ளைகளிடம் விளையாட்டாகக் கேட்டுப் பாருங்கள்: "கண்ணே, திங்கட்கிழமைக்கு என்ன நிறம்?" பெரும்பாலான பிள்ளைகள் உங்களை விசித்திரமாகப் பார்ப்பார்கள். ஒருவேளை ஒரு பிள்ளை, நெடுநாளாகக் காத்திருந்ததுபோல், உடனே விடை சொல்லக்கூடும்.

நம் பிள்ளைகளைப் புரிந்துகொள்ளும் பொறுமையை வல்ல இறைவன் நம் அனைவருக்கும் வழங்குவானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.